தம்பியைத் தேடிய கதையும் தேடப்படாத மனிதரும்

ஆங்கில நாவலிலக்கியம் பற்றிப் பேசுவோரிற் பலர், துணிகர நாவல் என்ற பெயரைக் கேட்டதும் ஒரு புன்முறுவலோடு அதனைக் கடந்து செல்வர். டிக்கன்ஸ், ஜோர்ஜ் எலியட், தோமஸ் ஹாடி முதலியோரின் ஆக்கங்கள் ஆராய்ச்சிக்குரியன. காணாமற் போன உறவினரைத் தேடிப் பாலைநிலத்தையும் பனிமலையையும் கடந்து செல்லும் கதைகளோ விடுமுறை நாட்களுக்குரியன என்பது அவர்தம் துணிபு. அக்கதைகளிலே அரசியலைத் தேடுவது சிறுவனின் பம்பரத்திலே வர்க்க முரண்பாட்டைத் தேடுவது போன்றதென எள்ளி நகையாடுவோரும் உளர். இக்கருத்து பார்வைக்குப் பெருந்தன்மையானது போலத் தோன்றும். ஆயின் இதனைப் போல் ஆபத்தான கருத்து வேறில்லை. ஆராயப்படாது விடப்படும் நூலே கேள்வியின்றி ஏற்றுக்கொள்ளப்படும் நூலாகின்றது. கல்விமான்கள் கவனியாது விட்ட இந்நூல்களே சுருக்கப் பதிப்புகளாகவும், திரைப்படங்களாகவும், ஆங்கிலம் கற்பதற்குரிய துணைநூல்களாகவும் உலகெங்கும் பரவி, கோடிக்கணக்கான இளைஞர் உள்ளத்திலே ஆபிரிக்காவையும் தென்னமெரிக்காவையும் பற்றிய முதற் படிமங்களை எழுதியுள்ளன.

இவ்வகை நாவலின் உயிர்நிலை அதன் மர்மமாகும். உறவினர் எங்கே சென்றார்? உயிருடன் உள்ளாரா? மலைக்கு அப்பால் யாது உளது? இம்மர்மம் இயற்கையாக அமைந்ததன்று என்பதே ஈண்டு வலியுறுத்தப்பட வேண்டியது. யாருடைய சொல் சாட்சியமாகக் கொள்ளப்படும், யாருடைய சொல் காட்டு மனிதனின் பிதற்றலெனத் தள்ளப்படும் என்னும் முன்முடிவினால் ஆக்கப்பட்டதே அது. அந்நிலத்துக்குரிய மக்கள் அறிந்ததை அறிவென ஏற்றுக்கொண்டால், மர்மத்தின் பெரும்பகுதி தொடக்க அத்தியாயங்களிலேயே அவிழ்ந்துவிடும். உறவுப் பாசமோ, இம்முன்முடிவை வாசகன் காணாதவாறு மறைக்கும் திரையாகப் பயன்படுகின்றது.

இதனை நிறுவுவதற்கு இவ்வகையின் தலையாய நூலெனக் கொள்ளப்படும் றைடர் ஹகாட்டின் 'சொலமன் மன்னனின் சுரங்கங்கள்' என்னும் நாவலே போதுமானது. 1885 ஆம் ஆண்டிலே இது வெளிவந்தது. ஆபிரிக்காவைப் பங்கிடும் விதிகளை ஐரோப்பிய வல்லரசுகள் வகுத்துக்கொண்ட பேர்லின் மாநாடு அதே ஆண்டின் தொடக்கத்திலேதான் முடிவுற்றிருந்தது. கிம்பேர்ளியின் வைரங்கள் ஏற்கெனவே வெளிப்பட்டிருந்தன. விற்வோற்றர்ஸ்றான்டின் தங்கம் மறு ஆண்டிலே வெளிப்படவிருந்தது. ஆசிரியரும் வெறும் ஏட்டறிவாளரல்லர். 1875 இலே நேட்டாலுக்குச் சென்று குடியேற்றநாட்டு நிர்வாகத்திலே பணியாற்றியவர். 1877 இலே றான்ஸ்வால் பிரித்தானியாவுடன் இணைக்கப்பட்டபோது பிறிற்றோரியாவிலே கொடியேற்றத் துணைநின்றவர். அவர் இந்நாவலை எழுதியதற்கு உடனடிக் காரணம் ஸ்ரீவன்சனின் 'புதையல் தீவு' பற்றித் தம் சகோதரருடன் கட்டிய ஒரு பந்தயமே என்பர். பந்தயம் விளையாட்டாக இருக்கலாம். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் விளையாட்டன்று.

கதை யாவரும் அறிந்ததே. சேர் ஹென்றி கேர்ட்டிஸ் என்னும் ஆங்கிலப் பிரபுவுக்கும் அவர் தம்பி ஜோர்ஜுக்குமிடையே பிணக்கு நேர்கின்றது. அவ்வேளையிலே தந்தை மரணசாசனம் எழுதாமல் இறக்க, ஆங்கிலச் சட்டப்படி சொத்து முழுவதும் மூத்தவரைச் சேர்கின்றது. தம்பி சிறு தொகையுடன் பெயரை மாற்றிக்கொண்டு தென்னாபிரிக்காவுக்குச் சென்று, சொலமனின் வைரச் சுரங்கங்களைத் தேடிப் புறப்பட்டு, காணாமற் போகின்றான். மனம் வருந்திய தமையனார், கப்டன் ஜோன் குட் என்னும் நண்பரையும் அலன் குவாற்றர்மெயின் என்னும் முதிய வேட்டைக்காரரையும் துணைக்கொண்டு அவனைத் தேடிச் செல்கின்றார். வேலையாளாக வந்து சேரும் உம்போபா, மலைக்கப்பாலுள்ள குக்குவானா நாட்டின் உரிமை மன்னனான இக்னோசி என்பது பின்னர் வெளிப்படுகின்றது. கொடுங்கோலனான துவாலா கொல்லப்படுகின்றான். இக்னோசி அரியணை ஏறுகின்றான். வெள்ளையர் மூவரும் வைரங்களோடு மீளுகின்றனர். வழியிலே தம்பியும் அகப்படுகின்றான்.

இவ்வாறு தொகுத்துரைக்கும்போது இது சகோதர பாசத்தின் கதையாகவே தோன்றும். ஆனால் கதைப்பின்னலைக் கூர்ந்து நோக்குமிடத்து வேறொன்று புலனாகின்றது. பயணம் தொடங்குமுன் நிகழ்வது ஓர் ஒப்பந்தமாகும். குவாற்றர்மெயின் 500 பவுணை முன்கூட்டியே கேட்கின்றார். வழியிலே கிடைக்கும் தந்தமும் பிற செல்வமும் தமக்கும் குட்டுக்குமிடையே பங்கிடப்பட வேண்டுமென்கின்றார். தாம் இறந்தால் இலண்டனிலே மருத்துவம் பயிலும் மகனுக்குப் பணம் வழங்கப்பட வேண்டுமென்றும் விதிக்கின்றார். அவர் நேர்மையானவர், எதனையும் மறைக்கவில்லை. அவருடைய வாசகர்களே அதனை மறந்துவிடுகின்றனர்.

இன்னும் ஒன்று. நாவலின் பெரும்பகுதியிலே தம்பி எங்கும் இல்லை. அவன் குக்குவானா நாட்டை அடைந்ததேயில்லை. போரும், முடிசூட்டும், சுரங்கப் பிரவேசமும், வைரங்களை அள்ளுதலும், உயிர் தப்புதலும் எல்லாம் முடிந்த பின்னர், வீடு திரும்பும் வழியிலே தற்செயலாகவே அவன் காணப்படுகின்றான். பாலைவனச் சோலையொன்றிலே பாறை விழுந்து கால் நசுங்கி, பணியாளன் ஜிம்முடன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக அங்கேயே தங்கிக் கிடந்திருக்கின்றான். தம்பியைத் தேடிச் சென்றவர்கள் வைரத்தைக் கண்டனர். வைரத்தோடு திரும்பியவர்கள் தம்பியைக் கண்டனர். வைரங்கள் பங்கிடப்படும்போது சேர் ஹென்றிக்குரிய மூன்றிலொரு பங்கு, அவர் அதனை ஏற்க விரும்பாமையால், ஜோர்ஜுக்கு அளிக்கப்படுகின்றது. இங்கிலாந்தின் மரபுரிமைச் சட்டம் இளைய மகனுக்கு மறுத்ததை ஆபிரிக்காவின் மண் ஈடுசெய்கின்றது. தமையன் தன் காணியிலே ஓர் ஏக்கரைத்தானும் இழக்கவில்லை; குடும்பப் பிணக்கு தீர்ந்துவிட்டது. ஐரோப்பிய சமுதாயத்தின் உள்முரண்பாடுகள் குடியேற்றநாடுகளின் செல்வத்தாலே தணிக்கப்பட்டன என்று பொருளியலறிஞர் ஏடேடாக எழுதியதை ஹகாட் தம்மை அறியாமலே ஒரு குடும்பக் கதையிலே காட்டிவிட்டார்.

உறவு ஒரு சாட்டே என்பதற்குத் திரைப்படக்காரர் அளித்த சான்று மேலும் சுவையானது. 1937 இலே இந்நாவல் படமாக்கப்பட்டபோது, தேடப்படுபவர் ஓர் இளம்பெண்ணின் தந்தையானார். 1950 ஆம் ஆண்டுப் படத்திலே அவர் ஒரு சீமாட்டியின் கணவரானார். 1985 ஆம் ஆண்டுப் படத்திலே மீண்டும் ஒரு பெண்ணின் தந்தையானார். தம்பி தந்தையாகலாம், தந்தை கணவராகலாம், கதைக்கு யாதொரு குறையும் நேர்வதில்லை. சுரங்கத்தை மட்டும் எவரும் மாற்றவில்லை. எதனை நீக்கினால் கதை நிலைக்காதோ அதுவே கதையின் பொருள் எனின், பொருள் யாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனி, அறிவு பற்றிய வினாவுக்கு வருவோம். மூவரும் 1590 இலே ஜோசே டா சில்வெஸ்திரா என்னும் போர்த்துக்கேயன் இறக்குந் தறுவாயிலே தன் குருதியால் வரைந்த படத்தை நம்பிச் செல்கின்றனர். அப்படம் காட்டிய வழி அவர்களைத் தாகத்தாலும் குளிராலும் சாவின் விளிம்புக்கே இட்டுச் செல்கின்றது. பாலைவனத்திலே நீரிருக்கும் இடத்தை மோப்பத்தால் அறிந்து கூறியவன் வென்ற்வோகல் என்னும் கொய்கொய் இனத்தவன். அவன் மலைக்குகையிலே குளிரால் விறைத்து இறக்கின்றான். திரும்பும்போதோ குக்குவானா முதியவரான இன்பாதூஸ் அவர்களுக்கு வேறொரு வழியைக் காட்டுகின்றார். தீக்கோழி வேட்டைக்குச் செல்லும் அந்நாட்டவர் அறிந்த வழி அது. அவ்வழியிலே சோலையொன்று உளதென்பதும் அவர்கள் அறிந்ததே. அச்சோலையிலேதான் தம்பி இருக்கின்றான். அவன்கூடச் சில்வெஸ்திராவின் வழியை விடுத்துச் சுதேசிகள் கூறிய தகவலின்படியே அங்கு வந்தவன். ஐரோப்பியனின் குருதியால் எழுதப்பட்ட ஏட்டுக்கும் வேட்டைக்காரரின் வாய்ச்சொல்லுக்குமிடையே எது மெய்யானது என்பதற்கு நாவலே தீர்ப்பு வழங்கிவிட்டது. எனினும் நாவலின் புகழ் முழுவதையும் பெற்றுக்கொண்டது வரைபடமே.

உம்போபாவின் நிலையோ இதனினும் கூர்மையானது. அவன் கூலி கேட்காமல் வருகின்றான். உணவும் உடன்வரும் இடமும் போதுமென்கின்றான். பயணத்தின் ஒரு கட்டத்திலே, மலைகளுக்கு அப்பால் தானும் ஒரு சகோதரனைத் தேடுகின்றேனோ என்னவோ என்ற பொருள்பட ஒரு சொல் சொல்கின்றான். குவாற்றர்மெயின் ஐயத்தோடு பார்த்துப் பொருள் வினவுகின்றார். தெளிவான விடை பெறாமலே அப்பேச்சு அமைகின்றது. உண்மையிலே இந்நாவலின் காணாமற் போன உறவினன் அவனே. தந்தை கொல்லப்பட, தாயின் கையிலே கைக்குழந்தையாக மலையைக் கடந்து, அந்நிய நாடுகளிலே அலைந்து, தன் மண்ணைத் தேடித் திரும்புபவன் அவன். அவனுடைய இழப்பு ஒரு பரம்பரையின் இழப்பு. ஜோர்ஜின் இழப்போ ஒரு காணிப் பிணக்கு. இருந்தும் தேடலின் கதை ஜோர்ஜினுடையது. இக்னோசியின் கதை இடைநிகழ்ச்சி. இரு துயரங்கள் ஒரே பாதையிலே நடக்கின்றன. ஒன்று கதையாகின்றது, மற்றது கதைக்குப் பின்னணியாகின்றது.

இறந்தோர் பட்டியலும் இவ்வாறே. கீவா என்னும் சூலு இளைஞன் கப்டன் குட்டைக் காப்பாற்றுவதற்காக யானையின் முன் பாய்ந்து இரண்டாகப் பிளக்கப்படுகின்றான். வென்ற்வோகல் குளிரால் இறக்கின்றான். பவுலாற்றா என்னும் குக்குவானா நங்கை, சுரங்க வாயிலைக் காக்க முயன்று ககூலின் கத்திக்கு இரையாகின்றாள். வெள்ளையர் மூவரும் நலமே ஊர் திரும்புகின்றனர். கீவாவுக்குத் தமையன் இருந்தானா? வென்ற்வோகலின் மனைவி மக்கள் எவ்வளவு காலம் காத்திருந்தனர்? நாவல் அவர்களைப் பற்றி எண்ணிப்பார்க்கவில்லை. காணாமற் போதலும் ஓர் உரிமை போலும். காணாமற் போவதற்கு முதலில் ஒருவன் மனிதனாகக் கணிக்கப்பட்டிருக்க வேண்டும். பவுலாற்றாவின் சாவு வெள்ளையனுக்கும் கறுத்தப் பெண்ணுக்குமிடையே எழக்கூடிய சிக்கலைத் தீர்த்துவிட்டதெனக் கதைசொல்லி ஆறுதலடையும் இடம், இவ்வகை இலக்கியத்தின் நெஞ்சை ஊடுகதிர் கொண்டு பார்ப்பது போன்றதாகும்.

இவ்விடத்திலே ஒரு மறுப்பு எழும். ஹகாட் தம் காலத்தின் பிள்ளை. அவரைப் பிற்காலத்தின் அளவுகோலால் அளத்தல் நீதியன்று. அவர் இக்னோசியைப் பெருமகனாகவே படைத்தார். கறுத்த மக்களை இழித்துரைக்கும் சொல்லைக் குவாற்றர்மெயின் வெறுப்பதாகத் தொடக்கத்திலேயே எழுதினார். முடிவிலே இக்னோசி துப்பாக்கியும் மதுவும் கொண்டுவரும் வணிகரையும் பாதிரிமாரையும் தன் நாட்டுக்குள் அனுமதியேன் எனச் சூளுரைக்கும் பகுதியையும் எழுதினார். இவையாவும் உண்மை. ஹகாட் அறிவிலியல்லர்; சூலு மக்களை அருகிருந்து கண்டவர். ஆயின் இவ்வுண்மைகள் அவரைக் காப்பதற்குப் பதிலாக அவர்மீதுள்ள குற்றச்சாட்டையே வலுப்படுத்துகின்றன. அறிந்தவர் அறிந்தபடி எழுதவில்லை. இக்னோசியின் சூளுரை வைரங்கள் மலையைக் கடக்கத் தயாரான பின்னரே வருகின்றது. 1890 இலே செசில் றோட்ஸின் கம்பனிப் படை மெஷோனாலாந்துக்குள் நுழைந்தது. 1893 இலே லொபெங்குலாவின் அரசு போரிலே வீழ்த்தப்பட்டது. கதையிலே மலைவாயிலை மூடிய மன்னனைப் போற்றிய வாசகர், நிகழ்விலே அவ்வாயில் உடைக்கப்பட்டதையும் துணிகரச் செயலென்றே போற்றினர். இரண்டையும் ஒரே மனம் போற்றுவதற்குரிய பயிற்சியை அளித்தது எது என்பதே ஆராய வேண்டிய வினா.

கட்டடங்கள் பற்றிய செய்தியும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. நாவலிலே குக்குவானா நாட்டின் பெருந்தெருவும், மாபெருஞ் சிலைகளும், சுரங்கமும் அந்நாட்டு மக்களால் ஆக்கப்பட்டவையல்ல. சொலமனின் ஆட்களோ பினீசியரோ ஆக்கியவை. ஆபிரிக்கர் அவற்றின் நடுவே வாழ்கின்றனர். ஆக்கியோர் யாரென அறியார். இது ஹகாட்டின் தனிக் கற்பனையன்று. 1871 இலே பெரிய சிம்பாப்வேயின் கல்மதில்களைக் கண்ட ஜேர்மானியரான கார்ள் மவுக் அவற்றைச் சேபா நாட்டு அரசியோடு தொடர்புபடுத்தினார். 1905 இலே றன்டல் மக்கைவரும், 1929 இலே அகழ்வாராய்ந்த கேற்றூட் கேற்றன்-தொம்சனும் அவை ஆபிரிக்கர் ஆக்கியவையே என நிறுவினர். அதன் பின்னரும் றொடீசியாவின் வெள்ளையர் ஆட்சி அவ்வுண்மையை வெளிப்படையாகக் கூறவிடாது தடுக்க முயன்றது. 1980 இலே விடுதலை பெற்ற நாடு அக்கல்மதில்களின் பெயரையே தன் பெயராகச் சூடிக்கொண்டது தற்செயலன்று. பொழுதுபோக்குக் கதையென ஒதுக்கப்பட்ட ஒரு பொய், ஓர் அரசின் கொள்கையாக வாழக்கூடும் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமோ?

அக்காலத்திலே வேறுவகையாக எழுதுதல் இயலாத காரியமா என்றால், அதுவுமன்று. ஜூல்ஸ் வேர்ணின் 'கப்டன் கிறான்ற்றின் பிள்ளைகள்' ஹகாட்டின் நாவலுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முற்பட்டது. கடலிலே தொலைந்த தந்தையை மேரி, றொபேட் என்னும் இரு பிள்ளைகள் தேடுகின்றனர். போத்தலிலே கிடைத்த, நீரால் அழிந்த, மும்மொழிக் கடிதத்திலே தெளிவாக எஞ்சியது தெற்கு 37 பாகை அகலக்கோடு மட்டுமே. அக்கோட்டைப் பற்றிக்கொண்டு உலகைச் சுற்றுகின்றனர். இங்கே புவியியலறிஞர் பகனெலின் ஏட்டறிவே மீண்டும் மீண்டும் தவறுகின்றது. அவுஸ்திரேலியாவிலே சந்திக்கும் தொலினே என்னும் ஆதிகுடிச் சிறுவன், உலகம் முழுவதும் ஆங்கிலேயருக்கே உரியதெனத் தனக்குப் பள்ளியிலே கற்பிக்கப்பட்டதை ஒப்புவிக்கும் காட்சி, குடியேற்றநாட்டுக் கல்வி மீதான கூரிய அங்கதமாகும். வேர்ணும் குற்றமற்றவரல்லர், மயோரி மக்களை நரமாமிசம் உண்போராகக் காட்டி அச்சமூட்டினார். ஆனால் ஐரோப்பியனின் அறிவைப் பார்த்து நகைக்கும் வலிமை அவரிடம் இருந்தது. காலம் எல்லாரையும் ஒரே அச்சிலே வார்ப்பதில்லை. காலத்தின்மீது பழிபோடுவோர் ஆசிரியனின் தேர்வை மறைக்கின்றனர்.

தூய அழகியல்வாதியின் இறுதி அரண், இவையாவும் கற்பனைதானே என்பதாகும். அவ்வரணும் நிலைக்காது. கதைக்கு வெளியே, மெய்யாகவே தொலைந்தவரைத் தேடியபோதும் இதே விதிதான் ஆட்சி புரிந்தது. 1845 இலே சேர் ஜோன் பிராங்ளின் எறிபஸ், ரெறர் என்னும் இரு கப்பல்களோடு வடமேற்குக் கடல்வழியைக் காணச் சென்றார். அவரும் உடன்சென்றோருமாக 129 பேர் மீளவில்லை. மனைவி ஜேன் பிராங்ளின் அம்மையாரின் இடையறா முயற்சியால் தேடற்கப்பல்கள் பல சென்றன. 1854 இலே டாக்டர் ஜோன் றே, இனுயிற் மக்களிடமிருந்து செய்தியையும் பிராங்ளினுடைய பொருள்களையும் பெற்று வந்தார். மாலுமிகள் பசியால் மடிந்தனர். இறுதியிலே இறந்தோரின் உடலை உண்ணவும் நேர்ந்தது என்பதே அச்செய்தி. அதனை எதிர்த்துத் தம் வார ஏட்டிலே எழுதியவர் யார்? ஏழைகளின் வழக்கறிஞரெனப் போற்றப்படும் சாள்ஸ் டிக்கன்ஸ். காட்டு மனிதரின் சொல்லை நம்பி ஆங்கில மாலுமிமீது அப்பழியைச் சுமத்தலாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். இனுயிற் மக்களே அவர்களைக் கொன்றிருக்கலாமென்றும் குறிப்புக் காட்டினார். பின்னர், மர்ம நாவலின் முன்னோடியான வில்கி கொலின்ஸுடன் சேர்ந்து, பனியிலே தொலைந்த மாலுமிகளின் தியாகத்தைப் போற்றும் நாடகமொன்றை 1857 இலே மேடையேற்றினார். சாட்சியம் தள்ளப்பட்டது; அவ்விடத்திலே கலை அமர்த்தப்பட்டது.

1859 இலே மக்ளின்ரொக்கின் குழுவினர் கண்ட எழுத்துக் குறிப்பு, பிராங்ளின் 1847 யூன் 11 இலே இறந்ததை உறுதிப்படுத்தியது. 1990களிலே எலும்புகளை ஆய்ந்தோர் அவற்றிலே கத்தியின் வெட்டுத் தடங்களைக் கண்டனர். எறிபஸ் 2014 இலும் ரெறர் 2016 இலும் கடலடியிலே கண்டுபிடிக்கப்பட்டன. எறிபஸ், இனுயிற் வாய்மொழி மரபு சுட்டிய பகுதியிலேயே கிடந்தது. ரெறரைத் தேடிய குழுவுக்கு இடத்தைக் காட்டிக் கொடுத்தது, பனியிலிருந்து நீட்டிக்கொண்டு நின்ற மரமொன்றைப் பல ஆண்டுகளுக்கு முன் கண்ட இனுயிற் ஒருவரின் நினைவு. நூற்றறுபது ஆண்டுகளின் மர்மம் என்று பத்திரிகைகள் எழுதின. மர்மம் யாருக்கு? அக்கடற்கரையிலே வாழ்ந்தோருக்கு அது அவர்தம் பாட்டன்மார் கூறிய செய்தி. அவர்களின் சொல்லைச் சாட்சியமாகக் கொள்ளாதோருக்கு மட்டுமே அது மர்மமாக இருந்தது.

ஈழத்தோடு தொடர்புடைய ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. பேர்சி போசெற் என்னும் பீரங்கிப் படை அதிகாரி 1886 இலே திருகோணமலைக் கோட்டையிலே பணியேற்றவர். இத்தீவின் உட்பகுதியிலே புதைந்திருப்பதாகக் கூறப்பட்ட அரச புதையலொன்றையும் தேடித் திரிந்தவர். பின்னர் பிறேசிலின் காட்டிலே பழைய பெருநகரொன்று மறைந்து கிடக்கின்றதென நம்பினார். அந்நம்பிக்கையை வளர்த்த பொருள்களில் ஒன்று ஒரு கருங்கற் சிற்றுருவம். அதனை அவருக்கு அளித்தவர் வேறு யாருமல்லர், றைடர் ஹகாட்டே. நாவலாசிரியர் 1925 மே 14 இலே இறந்தார். தம் மூத்த மகனோடும் அவன் நண்பனோடும் காட்டுக்குள் சென்ற போசெற்றின் கடைசிக் கடிதம் அதே மே 29 ஆம் நாளுக்குரியது. அதன் பின்னர் அவர்களைக் கண்டோர் இலர். நாவல் மனிதனை ஆக்கியது. மனிதன் நாவலாகிப் போனான். அவரைத் தேடிக் குழுக்கள் சென்றன, நூல்கள் எழுந்தன, இளைய மகன் தந்தையின் குறிப்புகளை 1953 இலே வெளியிட்டார்.

அப்பகுதியிலே வாழும் கலபாலோ மக்களிடையே இதுபற்றிய செய்தி வாய்மொழியாக வழங்கி வந்தது. கிழக்கே செல்லவேண்டாம், அங்குள்ளோர் பகைவர் என எச்சரித்தோம்; கேளாமற் சென்றனர்; சில நாட்கள் அவர்கள் மூட்டிய நெருப்பின் புகையைக் கண்டோம்; பின்னர் புகை எழவில்லை என்பதே அது. இது மெய்யாயின், அவர் உயிரை வாங்கியது அறியப்படாத காடன்று. அறிந்தவர் சொல்லைக் கேளாமையே. இன்னுமொரு முரண்நகை: சிங்கு ஆற்றின் மேற்பகுதியிலே அகழிகளும் அகன்ற தெருக்களும் மன்றங்களும் கொண்ட பழைய பெருங்குடியிருப்புகள் இருந்தமையை 2003 இலே ஆய்வாளர் வெளிப்படுத்தினர். அவற்றை ஆக்கியோர் தொலைந்துபோன வெள்ளை இனத்தவரல்லர். அங்கு இன்றும் வாழும் குய்க்குரோ மக்களின் முன்னோர். அவ்வாய்வுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையிலே குய்க்குரோ மக்களின் பெயர்களும் உள்ளன. நகரை ஆக்கியோரின் வழித்தோன்றல்கள் வாழும் நிலத்தினூடாகவே போசெற் அந்நகரைத் தேடிச் சென்றார். தம் எதிரே நிற்பவரின் பாட்டனால் அதனைக் கட்டியிருக்க முடியுமென எண்ணும் ஆற்றலை அவர் கற்ற நூல்கள் அவருக்கு அளிக்கவில்லை.

ஆகவே இந்நூல்களை எரிக்க வேண்டுமா? அவ்வாறு கூறும் தீவிரவாதம் அழகியல்வாதியின் அலட்சியத்துக்கு உடன்பிறந்ததே. இரண்டும் நூலைப் படியாமல் விடுவதிலேயே முடிகின்றன. 'சொலமன் மன்னனின் சுரங்கங்கள்' படிக்கப்பட வேண்டும். பல்கலைக்கழக வகுப்பறையிலும் படிக்கப்பட வேண்டும். ஹகாட் வாசகனை இறுதிவரை இழுத்துச் செல்லும் ஆற்றல் மிக்கவர். அவ்வாற்றல் எதனால் ஆயது என்பதை அறிவதும் இலக்கியக் கல்வியே. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று வினாக்களை எழுப்பியே அது படிக்கப்பட வேண்டும். இதனை முன்னரே அறிந்திருந்தவர் யார்? அவரிடம் ஏன் கேட்கப்படவில்லை? வழியிலே இறந்தவரைத் தேடி யார் வந்தார்?

இவ்வினாக்கள் நாவலுக்கு வெளியிலிருந்து விமர்சகன் கொண்டுவந்து திணிப்பவையல்ல. நாவலுக்குள்ளேயே, பாலைநில வழியிலே, ஒரு வேலையாள் தன் எசமானர்களைப் பார்த்து, தானும் மலைக்கு அப்பால் ஒரு சகோதரனைத் தேடலாம் என்று கூறியிருக்கின்றான். அவர்களுக்கு அது விளங்கவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாக விமர்சகரிற் பெரும்பாலாருக்கும் அது விளங்கவில்லை. இனியும் அதனைச் செவிமடுக்காது வெறும் பொழுதுபோக்கு என்று புன்முறுவல் செய்வோர், குவாற்றர்மெயினின் மாட்டுவண்டியிலே ஏறிக்கொண்டு, தாம் எங்கும் செல்லவில்லை என்று கூறுவோரே ஆவர்.